பெயின்டரின் நெஞ்சு

"இன்னும் தள்ளி உட்காருங்க. அந்தக் கோடிக்குப் போங்க!"

டீச்சர் விரலை நீட்டியதும் பெயின்டர் எழுந்து, ஆஸ்பத்திரி பெஞ்சின் கடைசி முனைக்குப் போனார். முகக்கவசத்துக்குள் இருமிக்கொண்டார்.

"இதுக்கு மேல தள்ளினா ரோட்டுலதான் உட்காரணும், டீச்சர்."

"உட்காருங்க. யார் வேணாம்னா? கிட்னி போன மனுஷனோட செஸ் ஆட வந்து, டி.பி.யையும் குடுத்துட்டுப் போன பெரிய மனுஷனாச்சே!"

நடுவில் இருந்த டீச்சரின் கணவர், லிஃப்ட்காரர், கண்களை மூடிக்கொண்டார். ஊரிலுள்ள லிஃப்ட்களை எல்லாம் பழுது பார்த்து ஓடவிட்ட மனிதர். சொந்தச் சிறுநீரகங்கள் நின்றுபோன பிறகு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் படுக்கையில் ஏறி இறங்குகிறார். சாயங்காலக் காய்ச்சலும் உடம்பு இளைத்ததும் பழைய நோயின் தலையிலேயே கட்டப்பட்டன. கழுத்தில் ஒரு கட்டி எழும்பி, அதை ஊசியால் குத்திச் சோதித்த பிறகுதான் காசநோய் என்று தெரிந்தது. கூடப் பழகுகிறவர்கள் எல்லோரும் நெஞ்சுப் படம் எடுத்தாக வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

"இன்னும் படமே பார்க்கலையே," என்றார் லிஃப்ட்காரர் மெதுவாக. "அவன் பெயின்ட் வாடையில இருமுறான். அதுக்குப் போயி..."

டீச்சர் தொண்டையைக் கனைத்தார்.

அவ்வளவுதான். லிஃப்ட்காரரின் வாய் தானாக மூடிக்கொண்டது. பெயின்டர்கூட முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். ஒரு காலத்தில் அந்தக் கனைப்புக்கு வகுப்பே கப்சிப் ஆகும். டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார். கனைப்பு ஓய்வு பெறவில்லை. இந்த வருஷம் அது கூடுதல் நேரமும் வேலை பார்க்கிறது. லிஃப்ட்காரர் அளவுக்கு மேல் ஒரு வாய் தண்ணீர் கேட்டால் கனைப்பு. பொட்டாசியம் ஆகாது என்று தெரிந்தும் வாழைப்பழத்தைப் பார்த்துவிட்டால் கனைப்பு. அவர் புரண்டு படுத்தால்கூட அடுத்த கட்டிலிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கனைப்பு.

வாய்விட்டுத் திட்டினால் பதில் சொல்லலாம். கனைப்புக்கு என்ன பதில்? கேட்டுக்கொண்டே படுத்திருப்பார். சுமக்கிறவளுக்குத் தோள் வலிக்காதா என்று நினைத்துக்கொள்வார். நினைத்து நினைத்து, இன்று ஒரு முடிவோடு வந்திருந்தார். காசநோய் மாத்திரையும் வேண்டாம், டயாலிசிஸும் வேண்டாம். போதும் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட வேண்டும்.

"எங்க ரெண்டு பேர் வாயையும் கட்டிவிட்டீங்க. நீங்க ஏன் மாஸ்க் போடலை?" பெயின்டர் விடுவதாக இல்லை.

"எனக்கெதுக்கு? காய்ச்சல் உண்டா, தலைவலி உண்டா? நான் இரும்பு. படமே வேணாம்னேன், அந்தம்மாதான் விடலை." மறுபடி கனைத்தார்.

"ரெண்டாவது மணி அடிச்சாச்சு, லிஃப்டு," என்று பெயின்டர் கிசுகிசுத்தார். "மூணாவதுக்குள்ள வாயை மூடிக்கோ."

உள்ளே கூப்பிட்டார்கள். பெயின்டர் கதவோரமாகவே நின்றுகொண்டார்.

டாக்டரம்மா ஒரு படத்தை எடுத்து விளக்குப் பெட்டியில் செருகினார். நெஞ்சின் மேல்பகுதியில், ஓதம் ஏறிய சுவரில் பூத்ததுபோல் வெள்ளைத் திட்டு.

"பார்த்தீங்களா!" டீச்சர் எழுந்தேவிட்டார். "சொன்னேனா இல்லையா? நெஞ்சா இது? பூஞ்சை பிடிச்ச சுவரு! ஊர்ச் சுவருக்கெல்லாம் வெள்ளையடிக்கிறவருக்குத் தன் நெஞ்சு தெரியலை. இதை வெச்சுக்கிட்டு வாராவாரம் வந்து இவர் மூஞ்சிக்கு நேரா உட்கார்ந்திருக்கார். கிட்னி போனவங்களுக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி, சட்டுனு ஒட்டிக்கும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டாங்களா ரெண்டு பேரும்?"

மூச்சு வாங்கியது. கனைத்தார். விடாமல் கனைத்தார்.

"என்னாலயாடா லிஃப்டு?" பெயின்டரின் குரல் உடைந்தது.

லிஃப்ட்காரருக்குத் தாங்கவில்லை. "விடுங்க டாக்டர். யாரால வந்தா என்ன? நான் இனிமே எந்த மருந்தும்..."

"ஒரு நிமிஷம்." டாக்டரம்மா நிமிர்ந்தார். "பெயின்டரோட படம் சுத்தமா இருக்கு. இது உங்களோடது, டீச்சர். சளியையும் சோதிச்சுடலாம். எத்தனை மாசமா இந்த இருமல்?"

"இருமலா?" லிஃப்ட்காரர் பதறிக் குறுக்கே விழுந்தார். "அது இருமல் இல்லைங்க டாக்டர். கோவம். தெருவுக்கே தெரியும்."

"கோவம் எக்ஸ்ரேயில விழாதுங்க. யார்கிட்டருந்து யாருக்குங்கிற பேச்செல்லாம் வேணாம். ரெண்டு பேருக்குமே மாத்திரையில குணமாகும்."

டீச்சர் மெல்ல உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "தொண்டை அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. பழைய சாக்பீஸ் தூசுன்னு நினைச்சேங்க," என்றார், பாடம் படிக்காமல் வந்த பிள்ளையின் குரலில்.

லிஃப்ட்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இந்த வருஷம் பூரா... உனக்கு எம்மேல கோவம் இல்லையா?"

"உங்க மேல எனக்கென்னங்க கோவம்?"

"ஏதோ சொல்ல வந்தீங்களே," என்று டாக்டரம்மா கேட்டார். "எந்த மருந்தும்..."

லிஃப்ட்காரர் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எந்த மருந்தும் விட்டுப்போகாம எழுதுங்க டாக்டர். ரெண்டு பேருக்கும்."