நில்லு

“நில்லுட்டி அனு, நில்லு.”

காதில் செருகியிருந்த ரேடியோவில் பயிற்சியாளர் முத்துக்கிருஷ்ணனின் குரல் கரகரத்தது. அவர் பின்னால் அணியின் காரில் வந்துகொண்டிருந்தார். புளியரை மலை ஏற்றத்தில், முதலில் போகும் புனே அணிக்காரியின் பின்சக்கரத்தை ஒட்டியே அனு மிதித்துக்கொண்டிருந்தாள். எல்லைக்கோட்டுக்கு இன்னும் சில வளைவுகள்தான். மற்ற பெண்கள் எங்கோ கீழே கிடந்தார்கள்.

நில்லு என்ற சொல்லே அவளுக்கு ஆகாது.

பெண்களுக்கான மலைச் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாள் அது. முதல் நாள் கொடைக்கானல் ஏற்றத்தில் அணித்தலைவி பெனிட்டாவின் செயின் கழன்றபோதும் இதே குரல்தான் நில்லு என்றது. நின்றாள். போடிமெட்டில் பெனிட்டாவின் டயர் பஞ்சரானபோதும் நில்லு. தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மிச்சச் சைக்கிளோடு ரோட்டோரம் நின்றாள். டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர் ஒருவர், பஞ்சர் ஒட்டுவாயாம்மா என்று அவளிடமே விசாரித்தார்.

தலைவி ஜெயிப்பதற்காக மிதிப்பதுதான் அனுவின் வேலை. தண்ணீர் பாட்டில் சுமக்க வேண்டும், காற்றை மறைத்து முன்னால் போக வேண்டும், நில் என்றால் நிற்க வேண்டும். பெனிட்டா நல்லவள்தான். ஜெயித்த கையோடு இவளைக் கட்டிப்பிடித்து அழுவாள். பேப்பரில் வரும் படத்தில் மட்டும் இவள் இருக்க மாட்டாள்.

அடுத்த வருடம் அணியில் ஆளைக் குறைக்கிறார்கள். ஒரு நாளாவது முதலில் வந்தவளுக்குத்தான் இடம், அதுவும் பயிற்சியாளர் சரி என்றால்தான். இன்றைக்கு விட்டால் சங்கரன்கோவிலுக்குத் திரும்பி அப்பாவின் விசைத்தறிக் கூடத்தில் போய் உட்கார வேண்டியதுதான். காலையில் பந்தயம் அவள் ஊரிலிருந்தே கிளம்பியது. அப்பா குருசாமி தறியை நிறுத்திவிட்டு வந்து கூட்டத்தில் நின்றார்.

“இன்னைக்காவது ஒம் பேரு மைக்ல வருமா மக்கா?” என்று மட்டும் கேட்டார்.

நின்றால் அப்பாவின் ஆசையும் அடுத்த வருடமும் போச்சு. நிற்காவிட்டால், சொல் கேட்காதவளை முத்துக்கிருஷ்ணன் எதற்காகச் சரி என்று சொல்லப்போகிறார்? இடப்பக்கம் மலை, வலப்பக்கம் பள்ளம், முன்னால் புனேக்காரி, காதுக்குள் அவர் குரல். எந்தப் பக்கமும் வழியில்லாமல் மாட்டிக்கொண்டாள்.

அவரும் சங்கரன்கோவில்காரர்தான். அதனால் இவளுக்கு அவர் சார் இல்லை, அண்ணாச்சி. பள்ளிக்கூட நாளில் புளியங்குடி ரோட்டில் வேகமாக எழுந்து மிதிக்கப் போய் விழுந்து பல் உடைந்ததிலிருந்து இவள் சீட்டை விட்டு அசைவதே இல்லை. எந்த மேடாக இருந்தாலும் அதே கதைதான்.

“நம்மூர் கோமதி அம்மனே தவசுல ஒத்தக்கால்ல நின்னுதான் நெனச்சதச் சாதிச்சா. நீ உக்காந்தே சாதிச்சிரலாம்னு பாக்கியாக்கும்” என்று அவர் கேலி செய்வார். அப்படி வாய் ஓயாமல் பேசுகிற மனுஷனுக்கு, பந்தயத்தில் ரேடியோவைக் கையில் எடுத்தால் மட்டும் நில்லு என்பதைத் தவிர வேறு வார்த்தையே வராது.

ரேடியோ மறுபடியும் இரைந்தது. மலை வளைவில் பாதிதான் காதில் விழுந்தது.

“பெனிட்டா…” என்றார். அப்புறம் வெறும் இரைச்சல். “நில்லுட்டி. நில்லுங்கேன்.”

பெனிட்டாவுக்கு இன்றைக்கு எது கழன்றதோ தெரியவில்லை. விட்டால் இவள் காலையும் கழற்றிக் கொடுக்கச் சொல்வார்கள் போலிருந்தது. இத்தனை நாள் நின்ற இடங்கள் எல்லாம் அனுவுக்கு நினைவுக்கு வந்தன.

காதில் இருந்ததைப் பிடுங்கி ஜெர்சிக்குள் திணித்தாள். ஆத்திரத்தில் எழுந்து, உடம்பு மொத்தத்தையும் பெடலில் இறக்கினாள். புனேக்காரி என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்குள் அவளைத் தாண்டிவிட்டாள். அதற்கப்புறம் திரும்பியே பார்க்கவில்லை.

எல்லைக்கோட்டைக் கடந்ததும் மைக்கில் சங்கரன்கோவில் அனு, சங்கரன்கோவில் அனு என்று அலறினார்கள். யாரோ கழுத்தில் மாலை போட்டார்கள். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. இனிமேல் யாருக்காகவும் நிற்க மாட்டேன், நீங்கள் என்னை எடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி என்று அண்ணாச்சியிடம் சொல்வதற்குத் தயாரானாள்.

அணியின் கார் வந்தது. பின்சீட்டிலிருந்து பெனிட்டா நொண்டியபடி இறங்கினாள். முழங்காலில் பெரிய கட்டு. அடிவாரத்திலேயே விழுந்து பந்தயத்திலிருந்து விலகிவிட்டாளாம்.

அனுவுக்குக் குழப்பமாகிவிட்டது. தலைவியே பந்தயத்தில் இல்லாதபோது, அண்ணாச்சி தன்னை யாருக்காக நிற்கச் சொன்னார்?

அவள் வாயைத் திறப்பதற்குள் முத்துக்கிருஷ்ணன் ஓடி வந்து அவள் தலையில் கை வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“இத்தன வருசமா சீட்டுலயே ஒட்டிக்கிட்டுக் கெடந்த. இன்னைக்காவது நில்லுன்னதும் எந்திரிச்சு நின்னு மிதிச்சியே மக்கா.”