வெள்ளைச் சுவரில் ஒரு புள்ளி

“இதுவரைக்கும் எத்தனை படம் எடுத்திருக்கு?”

“பதினோராயிரம்தான் அண்ணே. இந்த மாடலுக்கு அது ஒண்ணுமே இல்ல. நீங்களே எடுத்துப் பாருங்க” என்று கேமராவை நீட்டினான் கைஸ்.

விளம்பரம் போட்டு எட்டு நாளாகியிருந்தது. துனீசியாவின் கடலோர ஊரான மஹ்தியாவில் மூன்றாவது மாடியில் இருந்த அந்த வீட்டுக்கு, கேமராவைப் பார்க்க வந்த மூன்றாவது ஆள் ஷாதிலி. சூஸ் நகரத்தில் கல்யாணப் படம் எடுப்பவன்.

கையில் வாங்கியதுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. கைக்குள் கச்சிதமாக உட்கார்ந்த கனம். பட்டனை அமுக்கியதும் வெண்ணெயை வெட்டுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். அவனுடைய பழைய கேமரா போன வாரம்தான், மாப்பிள்ளை மோதிரம் போடுகிற நேரத்தில் நின்றுபோயிருந்தது. கோடைக் கல்யாணங்கள் தொடங்க இன்னும் பத்தே நாள்.

எதிரே இருந்த வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தான். திரையில் பெரிதாக்கி, மூலை மூலையாக நகர்த்திப் பார்த்தான்.

“ஒரு புள்ளி தெரியுதே.”

“எங்க அண்ணே?”

“இதோ, இந்த ஓரத்துல. சென்சார்ல அழுக்கு.”

கைஸ் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தான். “எனக்கு ஒண்ணும் தெரியலையே?”

“பழகின கண்ணுக்குத்தான் தெரியும் தம்பி.”

கைஸின் கால் ஆடிக்கொண்டே இருந்தது. மேஜைமேல் கிடந்த போன் மூன்றாவது தடவையாக அதிர்ந்தது. எடுத்துப் பார்த்து, பேசாமல் கவிழ்த்து வைத்தான்.

கைஸின் அம்மா மப்ரூக்கா, காபியும் ஒரு தட்டு மக்ரூத் இனிப்பும் கொண்டுவந்து வைத்தாள்.

“என்னப்பா, பிடிச்சிருக்கா?”

“பார்த்துக்கிட்டிருக்கேன் சாச்சி.”

“பிடிச்சா எடுத்துக்கப்பா. இதை வித்துட்டுப் புதுசு வாங்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான். மூணு கோடை, ஹோட்டல் கடற்கரையில வெயில்ல நின்னு வெள்ளைக்காரங்களைப் படமெடுத்துச் சம்பாதிச்சு வாங்கினது.” மகன் பக்கம் திரும்பினாள். “ஐயாயிரம் தினார்னு ஏன்டா பிடிவாதம்? மூவாயிரத்துக்குக் கொடுத்துடேன்.”

“உம்மா, நீ கொஞ்சம் சும்மா இருக்கியா?”

“நான் என்னடா தப்பாச் சொல்லிட்டேன்? வந்த ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாதில்ல?”

ஷாதிலி எழுந்து ஜன்னலருகே போனான். திரும்பி வந்து உட்கார்ந்தான். லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. மறுபடி மாட்டினான். மக்ரூத் ஒன்றை எடுத்துக் கடிக்காமலே தட்டில் வைத்தான்.

“அண்ணே, நாலாயிரம் கொடுங்க” என்றான் கைஸ் திடீரென்று. “ஆனா இன்னைக்கே வேணும். அதுக்குக் கீழ ஒரு தினார் குறைஞ்சாலும் எனக்குப் பிரயோஜனம் இல்ல.”

இதே கேமரா சூஸ் கடைகளில் ஏழாயிரத்துக்குக் குறைந்து கிடைக்காது. பணம் ஷாதிலியின் சட்டைப் பையிலேயே இருந்தது. ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நிமிர்ந்தான். வாசற்படியில் காபி கொண்டுவந்த தாம்பாளத்தை அணைத்துக்கொண்டு மப்ரூக்கா நின்றிருந்தாள்.

“கடற்கரையிலயே கிடந்த கேமரா தம்பி” என்றான் மெதுவாக. “உப்புக் காத்துல உள்ள துருப்பிடிச்சிருக்கும். கல்யாணத்துக்கு நடுவுல காலை வாரிட்டா நான் என்ன பண்ணுவேன்?”

கைஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். “முதல்ல வந்தவர் பட்டன் சரியில்லைன்னார். அடுத்தவர் லென்ஸ்ல பூஞ்சைன்னார். நீங்க துருங்கிறீங்க. சூஸ்ல இருக்கிற எல்லாருக்குமே கண்ணுல கோளாறா?”

“கோவிச்சுக்காத தம்பி. எனக்கு வேண்டாம்.”

கேமராவை மேஜையில் வைத்தபோது, விரல்களைப் பிரித்தெடுக்கத்தான் ஷாதிலிக்கு நேரமானது. கைஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“விருந்தாளியை வாசல் வரைக்கும் விட்டுட்டு வரேன்” என்று மப்ரூக்காவும் அவன் பின்னாலேயே படியிறங்கினாள்.

இரண்டு பேரும் தெருக்கதவை அடைந்தார்கள். மேலே வீட்டுக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டதும், அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நாலாயிரத்துக்கு இறங்கிட்டான் சாச்சி. எனக்கு உசிரே போயிடுச்சு. சுத்தமான கேமரா. ஒரு கீறல்கூடக் கிடையாது.”

“தெரியும்ப்பா. உனக்கு அல்லாஹ் இதைவிட நல்லதாக் கொடுப்பான். நாளைக்கு உன் கூட்டாளிகள்ல இன்னும் ஒருத்தனை அனுப்பு. ரெண்டாவதா அனுப்பினியே, அவனை மாதிரி சிரிக்கிற ஆள் வேண்டாம். வெள்ளிக்கிழமை இத்தாலிக்குக் கள்ளப் படகு கிளம்புதாம். அதுவரைக்கும் படகுக்காரனுக்குக் கொடுக்கிற பணம் இவன் கையில சேரக் கூடாது.”

“நேராவே போகாதேன்னு சொல்லிப் பார்க்கலாமே?”

“எனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு தெரிஞ்சா இன்னைக்கே வீட்டை விட்டுப் போயிடுவான்.” மப்ரூக்கா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு, மேலே மாடியை ஒரு தடவை பார்த்தாள். “பெரியவன் மோட்டார் பைக்கை வித்துட்டு அப்படி ஒரு படகுல ஏறி ரெண்டு வருஷமாச்சு. கரை சேர்ந்துட்டேன்னு இன்னும் ஒரு போன் வரல. எதுக்கு விக்கிறான்னு தெரியாம, அந்த பைக்குக்கு நல்ல விலை கொடுக்கிற ஆளை நான்தான்ப்பா தேடிப் பிடிச்சுக் கொடுத்தேன்.”