இரண்டாவது காபி

அந்தமான் போகும் சொகுசுக் கப்பலில் கோமளவல்லிக்கு எப்போதும் அதே அறைதான். பயணிகள் எதைத் தொடுகிறார்கள், எதை மிச்சம் வைக்கிறார்கள் என்று பார்த்தே அவர்களுடைய விருப்பங்களைக் கற்றுக்கொள்ளும், பேசவும் தெரிந்த கணினி அறை அது.

கணவர் தண்டபாணி இறந்த பிறகும் அவள் இருவருக்கும் சேர்த்தே டிக்கெட் எடுத்தாள். காலையில் அவருடைய சர்க்கரையில்லாத காபியும் தவறாமல் வரும். "இது காபியா, கஷாயமா?" என்று அவரைக் கேலி செய்தவள், அறை அவரை மறந்துவிடக் கூடாதே என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு அதையும் குடித்துவிடுவாள்.

இந்த முறை கடல் கொந்தளித்தது. குமட்டலில் இரண்டு நாளாகத் தன் காபியை மட்டும்தான் அவளால் குடிக்க முடிந்தது.

இன்று ஒரு கோப்பைதான் வந்தது. பால்கனியில் அவருடைய சாய்வு நாற்காலியும் மடங்கிக் கிடந்தது.

"இன்னொண்ணு எங்கப்பா?"

"யாருமே குடிக்கலையேம்மா. வீணாப் போகுதேன்னு நிறுத்திட்டேன்" என்றது அறை.

"அதெல்லாம் வேணும். கொண்டு வா."

"சரிம்மா. யாருக்கு?"

அந்தக் கேள்வியை யாரும் கேட்காத ஒரே இடம் என்றுதான் அவள் திரும்பத் திரும்ப இங்கே வந்துகொண்டிருந்தாள்.