பங்களா ஐஸ் பெட்டியில ஒரு போத்தல்

என்னங்கடா, ஓசிப் பிளேன்டீயும் குடிச்சிக்கிட்டு, ஓசிக் கதைக்கும் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்களா? சரி, ஒண்ணு சொல்லுங்க. தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து குடுக்குற சிறில் ஐயா, பொழுது சாயிற நேரத்துல, கோட்டுக்குள்ள எதையோ மறைச்சிக்கிட்டு தொரை பங்களாவோட பின்பக்கமாப் போறாரு. என்னா நெனைப்பீங்க? ஒருத்தனாவது நல்லவிதமா நெனைப்பீங்களா? ஒங்க மூஞ்சிகளப் பாத்தாலே தெரியுதே!

சிவசாமியும் ஒங்க ஆளுதான்.

கொட்டகலைப் பள்ளிக்கூடத்த பாதியில விட்டுட்டு ஓடியாந்தவன். கொழுந்து மலைக்கு அனுப்புனா, வேலை வாங்குற கண்டாக்கையா நடக்குற மாதிரி நடந்து காட்டுவான். எந்த வேலையும் நெலைக்கல. இப்ப பங்களாக் குசினிக்கு வெறகு பொளக்குறான்.

பின்கட்டுல, மலைத்தண்ணி கொட்டுற பீலிகிட்ட நின்னு பொளந்துக்கிட்டிருந்தவன், கோடாலிய அப்பிடியே நிப்பாட்டிட்டான். சிறில் ஐயா கோட்டுக்குள்ளருந்து ஒரு சின்னப் போத்தல எடுத்து, சமையக்கார ஜோர்ஜ் கையில குடுக்குறாரு. ஜோர்ஜ் அதை ஐஸ் பெட்டிக்குள்ள, வெண்ணெய்க்குப் பின்னால தள்ளுறாரு.

அந்தப் போத்தல அவனுக்குத் தெரியும். அவன் தங்கச்சி மீனம்மா புள்ளைக்குக் குத்துற பென்சிலின்.

புள்ளைக்கு இன்னும் பேரு கூட வைக்கல. வயிறு தப்பு மேளம் மாதிரி ஊதி, பச்சை பச்சையாக் கக்கி, வெளிக்கிப் போனா ரத்தம். கொடல்ல நோவுன்னு ஆஸ்பத்திரியில போட்டாங்க. பாலை நிப்பாட்டி, காலையும் மாலையும் ஊசி. இப்ப வயிறு எறங்கிருச்சு. பாலும் குடிக்குது. கத்துற கத்துல ஆஸ்பத்திரித் தகரம் அதிருது. ஆனா ஊசி மட்டும் நிக்கல.

அன்னைக்குக் காலையிலதான் சிறில் ஐயாகிட்ட கேட்டிருந்தான்.

"புள்ள நல்லாயிருச்சே ஐயா. இன்னும் எதுக்கு ஊசி? சட்டை தைக்கப் போறீங்களா?"

"வயிறு எறங்குனா நோவு போச்சுன்னு ஆயிராது. பத்து நாளு குத்தணும்னு பெரிய டாக்டர் சொல்லியிருக்காரு. குத்தத்தான் வேணும்."

"இதே நோவு வந்த வேலாயி அக்கா புள்ளைக்கு நாலே நாள்ல நிப்பாட்டிட்டீங்க?"

சிறில் ஐயா மூஞ்சி சுண்டிப் போச்சு. திரும்பி உள்ள போயிட்டாரு.

வேலாயி புள்ள வீட்டுக்குப் போயி நல்லாத்தான் பால் குடிச்சுச்சு. அப்பறம் பொசுக்குன்னு போயிருச்சு. கண்ணேறுன்னு லயத்து வீட்டு வரிசையில பேசிக்கிட்டாங்க.

சிவசாமி கோடாலியக் கீழ வச்சான்.

"ஜோர்ஜ் அண்ணே, ஐயா என்னா குடுத்துட்டுப் போறாரு?"

"ஒன் வெறகப் பாருடா."

குசினி வாசல்ல தொரையோட நாய் படுத்திருந்துச்சு. பின்னங்கால்ல பெரிய கட்டு. சிவசாமி கட்டப் பாத்தான், ஐஸ் பெட்டியப் பாத்தான். வெளங்கிருச்சு!

இருட்டுனதும் ஆஸ்பத்திரிக்கு ஓடி, தங்கச்சிகிட்ட ஊதுனான்.

"அடியே, ஒம் புள்ள பேரச் சொல்லி மருந்து வாங்கி தொரை நாய்க்குக் குத்துறாங்கடி. பத்து நாளாம் பத்து நாளு! நாய்க் காலு ஆற வேணாமா?"

"வாயக் கழுவுங்கண்ணே. எம் புள்ளைய எந்திரிக்க வச்சதே அந்த ஐயாதான்."

"ஒனக்கு வெள்ளைக் கோட்டு மாட்டுனவனெல்லாம் சாமி. இருடி, அந்த நாய்க்கு நான் வைத்தியம் பாக்குறேன்."

திரும்பப் பங்களாவுக்கு வந்தான். ஜோர்ஜ் மேசைக்கு சூப்பு கொண்டு போன நேரமாப் பாத்து குசினிக்குள்ள நொழைஞ்சான். உள்ளயும் வெளியயுமா ரெண்டு நடை போனான். கடைசியா வெளிய வந்தப்ப, தனக்குத் தானே சிரிச்சிக்கிட்டு வந்தான். என்னா செஞ்சான்னு அவன் வாயாலயே வரும், பொறுங்க.

விடிஞ்சதும், தங்கச்சிகிட்டப் பீத்திக்க ஆஸ்பத்திரிக்குப் போனான். பனிக்குள்ள சிறில் ஐயா மூச்சு வாங்க வந்தாரு. கோட்டுக்குள்ளருந்து அதே போத்தல எடுத்து, ஊசியில உறிஞ்சுனாரு.

சிவசாமிக்கு சிரிப்பு நின்னு போச்சு.

"ஐயா... இது பங்களாவுலருந்தா வருது?"

"மெதுவாப் பேசுடா. கலக்குன மருந்து ஐஸ்ல இருந்தாத்தான் கெடாது. இங்க ஐஸ் பெட்டி எங்க இருக்கு? இத்தினிப் புள்ளைக்கு ஒரு தடவைக்குச் சொட்டுதான் போகுது, மிச்சத்தக் கொட்டச் சொல்றியா? தொரைசாணி வெண்ணெய்கிட்ட லயத்துப் புள்ள மருந்து இருக்குன்னு தெரிஞ்சா, எனக்கும் ஜோர்ஜுக்கும் அன்னைக்கே வேலை போயிரும்."

"அப்ப... நாயி?"

"எந்த நாயி?"

சிவசாமி ஊசியப் பாத்தான், புள்ளையப் பாத்தான்.

சிறில் ஐயா புள்ள தொடையப் பஞ்சால தொடைச்சாரு.

"நேத்து கேட்டியே, வேலாயி புள்ளையப் பத்தி. வயிறு எறங்கிருச்சு, வீட்டுக்கு விடுங்கய்யான்னு அவ அழுதா. நானும் எரக்கப்பட்டு பாதியில நிப்பாட்டிட்டேன். நோவு திரும்பி வந்துருச்சு. கண்ணேறும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. அந்தப் புள்ள போனதுக்கு நாந்தான்டா காரணம்."

சிறில் ஐயா ஊசியத் தூக்கிப் புடிச்சாரு.

"அடுத்த போத்தல் மத்தியான ரயில்ல வருது. அதுவரைக்கும் இதுதான். மீனம்மா, கால அசையாம புடி."

மீனம்மா மொகத்தத் திருப்பிக்கிட்டு கால அமுக்கிப் புடிச்சா. ஊசி கிட்டப் போச்சு.

சிவசாமி பாஞ்சு ஐயா கையப் புடிச்சான்.

"குத்தாதீங்கய்யா! மருந்த பங்களா ரோசாச் செடியில கொட்டிட்டேன். இதுல இருக்கறது பீலித் தண்ணி. நாய்க்குன்னு நெனைச்சு நாந்தான் ரொப்பி வச்சேன்."