பேருந்தில் உறங்கும் பெண்

மஞ்சக்குப்பம் மைதானத்தின் ஓரம், ஞாயிறு காலை. புகைப்படக் குழுவினர் ஆறு பேர் டீ குடித்தபடி, இந்த வாரத் தலைப்பான 'தூக்கம்' படங்களைப் பார்க்கிறார்கள். சிதம்பரம் பேருந்தில், ஜன்னலில் தலை சாய்த்து உறங்கும் பெண்ணை ஆரோக்கியராஜ் எடுத்திருக்கிறான். மடியில் காலி மீன்கூடை, கன்னத்தில் வெயில். "லைட்டு சூப்பர் மச்சான்," என்கிறார்கள் நண்பர்கள். புதிதாகச் சேர்ந்த லோகநாயகி மட்டும் அவன் போனைக் கையிலேயே வைத்திருக்கிறாள். "நீங்க ஒண்ணும் சொல்லலியே?" என்று கேட்கிறான். "இது எங்கம்மா. எடுக்கறப்ப அவுங்கள கேட்டீங்களா?" அவன் முகம் சுண்டிப்போகிறது. "இல்லங்க. அழிச்சிடறேன்." "அழிக்காதீங்க. அம்மா இப்படி அசந்து தூங்கி நான் பாத்ததே இல்ல. குரூப்புலேருந்து மட்டும் எடுத்துட்டு எனக்கு அனுப்புங்க. திரும்பப் போடலாமான்னு அவுங்களே சொல்லட்டும்." காலையிலேயே வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்த படத்தை நீக்கிவிட்டு, அவன் அதை அவளுக்கு மட்டும் அனுப்புகிறான்.