மேல் வீட்டுக் கசிவு

“சந்தேகமே வேணாம்ப்பா, மேல இருக்கிறவன்தான்! வேற எங்கேருந்து வரும் தண்ணி?”

வசில்கா குளியலறைக் கூரையை நோக்கிக் கையை நீட்டினாள். தட்டு அகலத்துக்கு ஒரு ஈரக் கறை. யாவோர் ஏணியில் ஏறித் தொட்டுப் பார்த்தான். ஜில்லென்றிருந்தது.

ரூசே நகரத்தின் பழைய அடுக்குமாடிகளில், கண்ணுக்குத் தெரியாத நீர்க்கசிவைத் தேடிக் கண்டுபிடிப்பது அவன் தொழில். சுவருக்குள் புகுந்த தண்ணீர் நேர்வழியில் போகாது. ஒரு அறையில் கசிந்து வேறு அறையில் எட்டிப் பார்க்கும். அந்தத் திருட்டுத்தனத்தைத் துரத்திப் பிடிப்பதில் அவனுக்கு ஒரு ருசி.

“எப்பலேருந்தும்மா இப்படி?”

“ஈஸ்டர் முடிஞ்சதுலேருந்து. ஒரு நாள் காயுது, மறுநாள் நனையுது.”

“மேல் வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களா?”

“அந்த லூபென்கிட்டயா? அவன்கிட்ட நான் ஏன் பேசணும்? கழுதைப் பிடிவாதம் பிடிச்சவன்! நீயே போய்ப் பாரு. குளியலறையை மட்டும் எட்டிப் பார்த்துட்டு ஓடி வந்துடாத. அடுப்படி, படுக்கையறை எல்லாத்தையும் நல்லாப் பாரு. எல்லா இடத்துலயும்தானே குழாய் ஓடுது!”

நியாயமான பேச்சுதான். யாவோர் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறினான்.

மேல் வீட்டுக் கதவு சங்கிலி போட்டபடியே கொஞ்சமாகத் திறந்தது.

“யாரு?”

“தண்ணிக் கசிவு பார்க்கிறவன் ஐயா. கீழ் வீட்டம்மா கூப்பிட்டாங்க.”

“என் வீட்டுல ஒண்ணும் கசியல. அவளுக்கு வாய்தான் கசியுது.”

சொல்லிவிட்டுச் சங்கிலியைக் கழற்றினார். அறுபது வயதிருக்கும். கம்பளிச் சட்டை உடம்பில் நிற்காமல் தொங்கியது. சுவரைப் பிடித்துப் பிடித்து முன்னால் நடந்தார்.

யாவோர் தண்ணீரை அடைத்தான். குழாயில் தண்ணீரின் அழுத்தத்தை ஊசியால் காட்டும் பிரஷர் கேஜை மாட்டினான். காதில் ஒலிக்கருவியை வைத்துச் சுவர் சுவராகக் கேட்டான். சத்தமே இல்லை. குளியல் தொட்டியில் சிவப்புச் சாயத்தைக் கரைத்து ஊற்றினான்.

“என்னப்பா அது, பீட்ரூட் சூப்பா?”

“சாயம் ஐயா. உங்க தொட்டியிலேருந்து இறங்கினா கீழ் வீட்டுக் கூரை சிவந்துடும்.”

“நல்லாக் கத்துவா.” லூபென் சிரித்தார். பிறகு, “கறை பெருசா?” என்று கேட்டார்.

“ஒரு தட்டு அளவு இருக்கும்.”

“அவ ஏணியில ஏறிப் பார்த்தாளா? முட்டிவலிக்காரியாச்சே.”

“தெரியல ஐயா.”

“ஏறியிருப்பா. சொன்னா கேக்கிற ஜென்மமா அது!”

அடுப்படியையும் படுக்கையறையையும் பார்த்தாயிற்று. எங்கும் ஈரமில்லை.

“கேஜ் கொஞ்ச நேரம் மாட்டியே இருக்கட்டும் ஐயா. மெதுவாக் கசிஞ்சாலும் ஊசி இறங்கிடும். நான் கீழ சாயத்தைப் பார்த்துட்டு வர்றேன்.”

கீழே வசில்கா வாசலிலேயே நின்றிருந்தாள்.

“கண்டுபிடிச்சியா?”

யாவோர் உள்ளே போய்க் கூரையைப் பார்த்தான். சிவப்பு இல்லை. “குளியலறையிலேருந்து வரலம்மா.”

“அப்ப அடுப்படி?”

“அது காஞ்சு கிடக்கு.”

“காஞ்சா? அடுப்புல எதுவும் வைக்கலையா?”

“ஒரு தயிர் டப்பாதான் மேசையில இருந்துச்சு.”

துண்டை மடித்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது. யாவோர் அதைக் கவனிக்கவில்லை. அவனுக்குக் கூரைதான் புதிராக இருந்தது. ஏணியில் ஏறி, கறையின் நடுவில் கத்தியால் மெல்லச் சுரண்டினான். மேல்தோல் மட்டும்தான் ஈரம். அதற்குள்ளே பூச்சு காய்ந்த சுண்ணாம்புப் பொடியாக உதிர்ந்தது. உள்ளிருந்து வரும் கசிவு இப்படி வெளிப்பக்கத்தை மட்டும் நனைக்காது.

இறங்கும்போது கைகழுவும் தொட்டிக்கு அடியில் ஒரு தெளிப்பான் கண்ணில் பட்டது. செடிகளுக்குத் தண்ணீர் அடிப்பது. அந்த வீட்டில் ஒரு செடிகூட இல்லை.

“அம்மா,” என்றான். “இது மேலேருந்து வந்த தண்ணி இல்ல. கீழேருந்து போன தண்ணி.”

வசில்கா குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

“குளிர்காலத்துல ஆம்புலன்ஸ் வந்து அவனைத் தூக்கிட்டுப் போச்சு. திரும்பி வந்துட்டான். ஆனா மேல காலடிச் சத்தம் முன்ன மாதிரி இல்ல. ஒழுங்காச் சாப்பிடறானா, நடக்கிறானான்னு நான் யாரைப் போய்க் கேப்பேன்?”

“நீங்களே கேக்கலாமேம்மா?”

“செத்தாலும் அவன் வாசலை மிதிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்.” முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். “ரொம்ப இளைச்சிருக்கானா?”

யாவோருக்குக் கோபம் வரவில்லை. கேஜைக் கழற்ற மறுபடி மேலே போனான். ஊசி துளியும் நகரவில்லை.

லூபென் அவன் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். “கசிவு இங்க இல்லதானே?”

“இல்ல ஐயா. சொட்டுகூட இல்ல. கீழ போய்ச் சொல்லிடறேன்.”

“சொல்லாதே!” அவர் யாவோரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். “அவ என் கூடப் பிறந்த அக்கா. அப்பாவை அடக்கம் பண்ணின அன்னிக்கு நின்னுபோன பேச்சு. கசிவு இங்கதான்னு சொல்லுப்பா, அப்பதான் சண்டை போடவாவது மேல வருவா.”