இறங்குதுறையில் ஒரு செபமாலை

செபஸ்தியம்மா முதல் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தினாள். மறுபாதியைச் சொல்ல ஈ காக்காய் இல்லை.

செபமாலை என்றால் ஒருவர் "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்க, மற்றவர்கள் "அர்ச்சிஷ்ட மரியே" என்று முடிக்க வேண்டும். தனியாகவும் சொல்லலாம்தான். ஆனால் வெளியில் நின்று ஒருத்தி தானே தொடங்கித் தானே முடித்தால், மனிசிக்கு மூளை தட்டிவிட்டது என்றல்லவா ஊர் சொல்லும்!

மாலைச் செபத்தைக் கோயிலுக்குள் பூட்டி வைக்காமல் வெளியே கொண்டுபோங்கள் என்று பாதர் பிரசங்கம் வைத்ததும், குருநகர் இறங்குதுறைதான் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள். மகன் றஜிந்தனை அந்த இடத்தில் வைத்துத்தான் ஆமிக்காரர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் எங்கே என்று கேட்க அவள் படியேறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. எங்கே போனாலும் மேலதிகாரி, அதுதான் பெரியவர், வெளியே போயிருந்தார்.

முதல்நாள் நல்ல சனம். அடுத்த நாள் சேர்ட்டை வெளியே விட்ட சிஐடிக்காரன் ஒருவன் வந்து, போனில் ஒவ்வொரு முகமாகப் படம் எடுத்தான். அவ்வளவுதான். மக்டலீனுக்கு முழங்கால் வலி, எமில்ராஜுக்கு வலை வேலை. எல்லாருக்கும் ஒரே நாளில் வருத்தமும் வேலையும் வந்தால் பாவம், மாதாதான் என்ன செய்வாள்!

இப்போது மாதா சுரூபமும் மெழுகுதிரியும் அவளும் அந்தப் படம் எடுக்கிறவனும்தான்.

"தம்பி, படம் எடுத்தது காணும். முழங்காலிலை இருந்து மறுமொழி சொல்லும்."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். தாய் ஏசிய பிள்ளைபோலப் போனைப் பைக்குள் வைத்துவிட்டு முழங்காலில் இருந்தான். நீர்கொழும்புக் கத்தோலிக்கப் பிள்ளை போலும், மறுபாதியைச் சிங்களத்தில் சொன்னான். மாதாவுக்கு எல்லாப் பாஷையும் விளங்கும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

மறுநாள், இவன் ஏன் முழங்காலில் இருக்கிறான் என்று பார்க்க இன்னொருவன் வந்தான். நின்றால் பிடிபட்டுவிடுவோம் என்று அவனும் முழங்காலில் இருந்தான். செபம் தெரியாமல் வாயை மட்டும் அசைத்தான். போகப் போக அதுவும் பாடமாகிவிட்டது. இவர்கள் இரண்டு பேரையும் பார்க்க மூன்றாமவன் வந்தான். மூன்று பேரையும் பார்க்க ஒரு மீசைக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மற்றவன் பார்க்கிறான் என்ற பயத்தில் ஒருவருக்கும் இடையில் எழும்ப முடியவில்லை. அட, கோயிலில்கூட இப்படிப் பக்தியாகச் சனம் இருந்ததில்லை!

சனிக்கிழமை ஜீப்பில் பெரியவரே வந்து இறங்கினார். மற்றவர்கள் விறைத்துப் போனார்கள். அவர் பொக்கற்றிலிருந்து முகம் துடைக்கும் லேஞ்சியை எடுத்து நிலத்தில் விரித்து, ஒரு முழங்காலை மட்டும் பட்டும் படாமலும் ஊன்றினார்.

செபஸ்தியம்மா செபத்தை விடாமல் ஓரக்கண்ணால் பார்த்தாள். இந்த மனிசனைக் காண எத்தனை வருசம் கந்தோர் வாங்கில் குந்தியிருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருப்பாள்!

செபமாலையின் ஐந்து பத்தில் நாலு பத்துச் செபம் முடிந்தது. ஐந்தாவது பத்தை யாருக்காக ஒப்புக்கொடுக்கிறோம் என்று சொல்ல வேண்டும். அவள் சுரூபத்தை விட்டுவிட்டு அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"இது என்ரை மகன் றஜிந்தனுக்காக. ஐயாமார், அவன் எங்கையெண்டு உங்களிலை ஆருக்காவது தெரியுமே?"

கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம் கேட்டது. பெரியவர் குனிந்து லேஞ்சியைப் பார்த்தார். நீர்கொழும்புப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் மறுபடி சுரூபத்தின் பக்கம் திரும்பி, "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினாள்.

அவள் தன் பாதியை முடிப்பதற்குள், எல்லாரும் முந்திக்கொண்டு உரத்த குரலில் மறுமொழி சொன்னார்கள்.